கழுத்தில்லாத கற்கள்

எங்கள் வீட்டுச் சமையல் மேடையில் சிங்க் பதிப்பதற்காக வெட்டி எடுத்த கல் துண்டு இப்போது பிரான்சில், மார்சேய் நகரத்தில், யாரோ ஒரு வக்கீலின் வரவேற்பறையில் நிற்கிறது. நான் போய்ப் பார்த்ததில்லை, போட்டோவில்தான் பார்த்தேன். அதன்மேல் வேறு வீடுகளின் சிங்க் துண்டுகள் சாய்ந்து நிற்கின்றன. அடியில் ஒரு பித்தளைத் தகட்டில் ‘முத்தியால்பேட்டை, ஒற்றை சிங்க்’ என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறதாம். அந்த ஒற்றை சிங்க் நாங்கள்தான். செய்தவர் நபீசா.

நபீசாவின் கணவர் தல்ஹா கடலூர் சாலையில், தவளக்குப்பத்துக்குச் சற்று முன்னால் கிரானைட் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை, சாய்த்து நிறுத்திய கல் பலகைகள், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே அறுக்கும் மிஷின், அதை ஓட்டுகிற அருள்முருகன். நபீசா பி.காம். படித்தவர். கல்யாணமான புதிதில் கணக்குப் பார்க்க வந்து உட்கார்ந்தவர் அப்புறம் எழுந்து போகவே இல்லை. சமையல் மேடை போட்டால் சிங்குக்கு ஓர் ஓட்டை, அடுப்புக்கு ஓர் ஓட்டை வெட்டவேண்டும். வெட்டிய துண்டை யாரும் வீட்டுக்கு எடுத்துப்போவதில்லை. முன்பெல்லாம் துணி துவைக்க என்று யாராவது கேட்டு வாங்கிப்போவார்கள். எல்லார் வீட்டிலும் வாஷிங் மிஷின் வந்தபிறகு அதுவும் நின்றுபோனது. துண்டுகள் சுவரோரமாக இடுப்பளவுக்கு ஏறிவிட்டன.

ஒரு மத்தியானம் கரண்ட் போய் மிஷின் நின்றது. வேலையில்லாமல் இருந்த நபீசா இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றின்மேல் ஒன்றைக் கோணலாக வைத்தார். விழும் என்று நினைத்தார், விழவில்லை. இன்னொன்றை எடுத்துச் செங்குத்தாக அதன்மேல் நிறுத்தினார். அதுவும் நின்றது. கரண்ட் வந்து அருள்முருகன் மிஷினைப் போட்ட பிறகும் அவர் அந்தக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எதைப்போலவும் இல்லாத ஒரு பொருள் இத்தனை பிடிவாதமாக நிற்பது அவருக்குப் பிடித்துப்போயிற்று. மறுநாளும் அடுக்கினார். சில மாதங்களில் அருள்முருகனிடம் கிரைண்டர் பிடிக்கக் கற்றுக்கொண்டு மூலைகளைச் சீவினார், விளிம்புகளை வளைத்தார், பசை வைத்து ஒட்டினார். தல்ஹா பார்த்தும் பார்க்காததுபோல இருந்தார். கணக்கு தப்பாமல் வந்துகொண்டிருந்ததால் அவருக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

கடற்கரைப் பக்கத்துத் தெருவில் ஓவியக்கூடம் நடத்துகிற நிர்மலா சமையல் மேடைக்குக் கல் பார்க்க வந்தபோதுதான் முதல் விற்பனை நடந்தது. நிர்மலாவின் குடும்பம் பாதி பாரீசிலும் பாதி புதுச்சேரியிலும் இருக்கிறது. ஊரில் எல்லாருக்கும் அவர் மதாம் நிர்மலா. கறுப்புக் கல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தவர் வழியில் நின்ற அடுக்கைப் பார்த்து, இது யார் செய்தது என்று கேட்டார். அது வேஸ்ட், வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, எடுக்கச் சொல்கிறேன் என்றார் தல்ஹா. எடுக்கவேண்டாம், எனக்குக் கொடுங்கள் என்றார் மதாம். ஊறுகாய் ஜாடி வைக்கக் கேட்கிறார் என்று தல்ஹா ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். கண்காட்சி அழைப்பிதழில் மனைவியின் பெயரைப் பார்த்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

கல்லுக்கெல்லாம் பெயர் வைக்கச் சொன்னார் மதாம். நபீசாவுக்குப் பெரிய பெயர்கள் எதுவும் தோன்றவில்லை. துண்டு எந்த வீட்டிலிருந்து வந்ததோ அதையே வைத்தார். ‘லாஸ்பேட்டை டீச்சர் வீடு’, ‘இரட்டை சிங்க், அரியாங்குப்பம்’. இதைவிட நல்ல பெயர் யாராலும் வைக்கமுடியாது என்று மதாம் கையைப் பிடித்துக்கொண்டார்.

சிக்கல் ஒரு சொல்லில் ஆரம்பித்தது. தமிழில் கல்லை வைத்து எதைச் செய்தாலும் அதற்குச் சிலை என்றுதான் பேர். “உங்க தங்கச்சி சிலை செய்யுதாமே” என்று தொழுகை முடிந்து வெளியே வரும்போது யாரோ பாவாவிடம் கேட்டிருக்கிறார்கள். பாவா நபீசாவின் அண்ணன். முல்லா வீதியில் வீடு. நேரு வீதியில் கைலிக் கடை வைத்திருந்து மகனிடம் ஒப்படைத்தவர். ஒரு கைலியை உதறி வெளிச்சத்தில் பிடித்தால், எந்த இடத்தில் இழை விட்டிருக்கிறது என்று சொல்லிவிடுவார். தன் கண்ணைப் பற்றி அவருக்கு அப்படி ஒரு நம்பிக்கை. அன்றைக்கே மொபெட்டை எடுத்துக்கொண்டு கடலூர் சாலைக்கு வந்து, கற்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

உயிருள்ளதற்கு உருவம் செய்யக்கூடாது என்பது மார்க்கம். நபீசாவுக்கும் உயிருள்ள எதையும் கல்லில் செய்கிற எண்ணம் கிடையாது. அதைத்தான் அவர் அண்ணனிடம் சொன்னார். பாவாவும் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒன்று, வெளியே போகிற ஒவ்வொன்றையும் தான் ஒருதரம் பார்த்துவிடுவதாகச் சொன்னார். கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமே. நபீசா சரி என்றார். அண்ணன் வந்தால் அண்ணி கொடுத்தனுப்புகிற சமோசாவும் வரும் என்பது ஒரு காரணம்.

முதல் சில வருஷங்கள் பாவா பார்ப்பார், தலையாட்டுவார், போவார். எப்போதாவதுதான் ஓரிடத்தில் விரலை வைப்பார். வரவர அது அதிகமாயிற்று.

“இங்க கழுத்து இருக்கு.”

“அது கழுத்து இல்லண்ணே. மூலை.”

“மூலையா இருந்தா ஏன் என்னைத் திரும்பிப் பாக்குது?”

தொல்லை என்னவென்றால், அண்ணன் ஒருதரம் கழுத்து என்று சொல்லிவிட்டால் பிறகு அவர் கண்ணுக்கும் அது கழுத்தாகவே தெரிந்தது. உட்கார்ந்திருக்கிற ஆடு என்று சொல்லிவிட்டால் அந்தக் கல்லில் ஆட்டைத் தவிர வேறொன்றும் மிஞ்சவில்லை. சண்டை போடுவார், அண்ணன் போனபிறகு கல்லைக் கொஞ்ச நேரம் முறைப்பார், அப்புறம் அருள்முருகனிடம் கிரைண்டரைக் கேட்பார். வெட்டிய பிறகு கல் முன்னைவிட நன்றாகத்தான் இருந்தது. அது அவருக்கு இன்னும் எரிச்சலைக் கொடுத்தது. அண்ணனிடம் அதை மட்டும் சொல்லவேயில்லை.

இப்படியாகக் கற்கள் வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே போயின. திமில் என்று சொன்ன வளைவுகள் போயின. கொம்பு என்று சொன்ன முனைகள் போயின. மதாம் நிர்மலாவுக்கு ஒரே சந்தோஷம். சென்னையிலிருந்து ஒருவர் கண்காட்சிக்கு வந்து பார்த்துவிட்டு ஆங்கிலப் பத்திரிகையில் எழுதினார். நபீசாவின் கற்கள் ஒவ்வொரு வார்த்தையாகக் கைவிட்டுக்கொண்டு மௌனத்தை நோக்கிப் போகின்றன என்று அதில் இருந்தது. மதாம் அதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது பாவாவும் கூட இருந்தார். மௌனம் நல்லதுதானே என்றார். கண்காட்சிக்கு வந்தவர்களெல்லாம் கையில் பழரசத்தோடு நின்று, எப்படி இவ்வளவு கறாராக வேண்டாததை விலக்குகிறீர்கள் என்று நபீசாவைக் கேட்டார்கள். அண்ணன் சொல்வார், நான் வெட்டுவேன் என்று எப்படிச் சொல்வது? சிரித்து வைத்தார்.

கடைசியில் விலக்குவதற்கு ஒன்றுமில்லாத நிலை வந்தது. அந்த வருஷம் செய்த ஒரு கல் நீளமாக, தட்டையாக, லேசாக ஓர் ஓரம் மட்டும் சரிந்து இருந்தது. பாவா அதிலும் திருக்கை மீன் இருப்பதாகச் சொன்னார். சரிவையும் எடுத்தாயிற்று. எடுத்த மறுநாள் தல்ஹாவின் ஆட்கள் அதைக் கடைச் சரக்கு என்று நினைத்து வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டுச் சமையலறையில் பதித்துவிட்டார்கள். நபீசா பதறிப்போய் ஓடினார். அதன்மேல் மிக்சி வைத்தாயிற்று. அந்த வீட்டுக்காரம்மா, இவ்வளவு அருமையாக வழவழவென்று கல் கொடுத்ததற்கு நன்றி சொல்லி, காப்பி போட்டுக் கொடுத்தார். நபீசா குடித்துவிட்டு வந்துவிட்டார்.

வந்தவர் நேராக அண்ணனுக்குப் போன் போட்டு வரச்சொன்னார். இனிமேல் இப்படி நடக்காது, நீங்கள் சொல்கிறபடி வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் எனக்கு மேடைக் கல்தான் மிஞ்சும் என்று சொல்லிவிடுவதாக முடிவு பண்ணியிருந்தார். பாவா வந்தார். கொட்டகைக்குள் நுழைந்ததும், தங்கை வாயைத் திறக்கும் முன்னாலேயே, உள்பக்கமாகக் கையை நீட்டினார்.

“அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம். மொதல்ல அந்தக் கடைசில நிக்குதே, அதை என்னன்னு பாரு. அப்பட்டமா ஆள் மாதிரியே இருக்கு. தலைய எடுத்துடச் சொல்லு.”

நபீசா திரும்பிப் பார்த்தார். பலகைகளுக்கு நடுவில் அருள்முருகன் நின்றுகொண்டிருந்தான். காலையிலிருந்து கிரைண்டர் பிடித்ததில் தலைமுடியிலிருந்து கால்விரல் வரை கல் தூசி அப்பிச் சாம்பல் நிறத்தில் இருந்தான். தண்ணீர் குடித்துவிட்டு அசையாமல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான்.

“பாய், நான்தான்” என்றான்.

யாரும் சிரிக்கவில்லை. பாவா கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தார். இன்னும் கிட்டப் போனார். அருள்முருகன் மரியாதைக்காக முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு மூன்று பேரும் உட்கார்ந்து ஆளுக்கொரு சமோசா தின்றார்கள். மொபெட்டை அங்கேயே விட்டுவிட்டுத் தல்ஹாவின் வண்டியில் அண்ணனை வீட்டில் இறக்கிவிட்டார் நபீசா.

கண் டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு கண்ணிலும் புரை நன்றாக முற்றியிருக்கிறது, இது வருஷக்கணக்காக வளர்ந்தது, எப்படி வண்டி ஓட்டினீர்கள் என்று கேட்டார். பழகின ரோடு என்றார் பாவா. ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் செய்து, ஆறிய பிறகு இன்னொன்றுக்கும் செய்தார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிய அன்றைக்கு வீட்டுச் சுவரெல்லாம் ஏன் இவ்வளவு அழுக்காக இருக்கிறது என்று கேட்டு அண்ணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஜன்னலோரம் நின்று எதிர்வீட்டுக் கொடியில் காய்கிற துணியைப் பார்த்து, அது எந்தத் தறியில் நெய்தது என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பத்தியமெல்லாம் முடிந்து கொட்டகைக்கு வந்தார். நபீசா ஒரு புதுக் கல்லை முடித்து வைத்திருந்தார். அதில் வேண்டுமென்றே ஒரு வளைவை, பழைய பாவா பார்த்தால் ஒட்டகம் என்று அலறியிருக்கக்கூடிய ஒரு வளைவை, விட்டு வைத்திருந்தார். பாவா சுற்றி வந்தார். குந்தி உட்கார்ந்தார். விரலால் தடவினார். நபீசா காத்திருந்தார்.

“ஒட்டு தெரியுது” என்றார் பாவா.

கல்லும் கல்லும் சேர்கிற இடத்தில் பசை மஞ்சளாகப் பிதுங்கியிருக்கிறது, இந்தப் பக்கம் பாலிஷ் சரியாக இல்லை, இங்கே கிரைண்டர் கீறியிருக்கிறது, இதையெல்லாம் எப்படி வெளியே அனுப்புகிறாய் என்றார்.

கழுத்து கிழுத்து ஏதாவது தெரிகிறதா என்று நபீசா கேட்டார். பாவா மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, கழுத்தா, இதிலா, வெறும் கல்தானே என்றார்.

அப்போதுதான் நபீசாவுக்கு முழுசாக உறைத்தது. சாதாரணமாகக் குரல் உயர்த்தாதவர். அன்றைக்கும் உயர்த்தவில்லை. அதனால்தான் அருள்முருகன் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றான்.

“அண்ணே, இத்தினி வருஷமா நான் வெட்டினதெல்லாம் கல்லுல இருந்தது இல்ல. உங்க கண்ணுல இருந்தது.”

பாவா கிளம்பிப் போனார். அதற்கப்புறம் கொட்டகைப் பக்கம் வரவில்லை. சமோசாவும் வரவில்லை. நபீசாவும் போன் பண்ணவில்லை. வேலையும் ஓடவில்லை. கிரைண்டரை எடுப்பார், கல்லைப் பார்ப்பார், எதை வெட்டுவது, யார் சொல்லி வெட்டுவது என்று புரியாமல் வைத்துவிட்டுக் கணக்கு எழுதப் போய்விடுவார். அந்த மாதக் கணக்கு போல எந்த மாதக் கணக்கும் அத்தனை சுத்தமாக இருந்ததில்லை என்று தல்ஹா சொன்னார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார், நபீசாவுக்கு அது ஆறுதலாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவாவே வந்தார். வெயிலில் நின்றுகொண்டு, விற்ற கல்லெல்லாம் எங்கெங்கே இருக்கிறது, போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். எதற்கு என்று நபீசா கேட்டார். தெரிந்துகொள்ள வேண்டாமா, நான் என்ன பண்ணி வைத்திருக்கிறேன் என்று, என்றார் பாவா. வெளிநாட்டுக்குப் போனதை விட்டுவிட்டு உள்ளூரில் இருப்பதைப் பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். தல்ஹாவின் சரக்கு வண்டியில், ஊரெல்லாம் குட்டியானை என்று சொல்கிற அந்தச் சின்ன வண்டியில், முன்சீட்டில் அண்ணனும் தங்கையும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அருள்முருகன் ஓட்டினான்.

முதலில் பல் டாக்டர் இளஞ்செழியனின் கிளினிக். ஆரம்ப காலத்துக் கல், பாவா நல்ல கண்ணோடு பார்த்துத் தலையாட்டிய கல், நோயாளிகள் காத்திருக்கிற அறையில் இருந்தது. அதன்மேல் ஒரு ஹெல்மெட் இருந்தது. டாக்டர் ஓடிவந்து ஹெல்மெட்டை எடுத்தார். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைக் கடைவாய்ப்பல் என்றுதான் நினைக்கிறார்கள், இதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்துவிட்டு உள்ளே வந்தால் பயம் குறைந்துவிடுகிறது என்றார். பாவா அந்தக் கல்லை வெகுநேரம் பார்த்தார். இதில் பல் எதுவும் இல்லை என்று டாக்டரிடம் திடமாகச் சொன்னார். டாக்டரும் எனக்கும் தெரியவில்லை என்றார். பிறகு பாவா ஒட்டு இருக்கிற இடத்தை நகத்தால் சுரண்டிப் பார்க்க, நபீசா அவர் கையைத் தட்டிவிட்டார்.

அடுத்தது காலாப்பட்டு. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற அமுதவல்லியின் வீட்டுத் தோட்டத்தில் கடைசி வருஷங்களின் கல் ஒன்று இருந்தது. கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லாத கல். செம்பருத்திக்கும் மதில் சுவருக்கும் நடுவில் கறுப்பாக நின்றது. வண்டியிலிருந்து இறங்கும்போதே நபீசா முடிவு செய்திருந்தார். அமுதவல்லியிடம் மறைக்காமல் சொன்னார். இந்தக் கல் இப்படி இருந்திருக்கவேண்டியதில்லை. மேலே ஒரு வளைவு இருந்தது, கீழே ஒரு மடிப்பு இருந்தது. ஒரு தப்பான காரணத்துக்காக அதையெல்லாம் வெட்டிவிட்டேன். நீங்கள் விரும்பினால் எடுத்துக்கொண்டுபோய் வேறு ஒன்று செய்து தருகிறேன் என்றார். பாவா செம்பருத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அமுதவல்லி நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

“அந்த வளைவு எனக்குத் தெரியாதும்மா. நான் அதைப் பாத்ததே இல்ல. வாழ்நாள் பூரா எந்தச் செடியப் பாத்தாலும் பேர் சொல்லியே ஆகணும்னு இருந்தவ நான். காலைல காப்பி குடிக்கறப்ப இது முன்னால உக்காந்தா எதுக்கும் பேர் சொல்ல வேணாம். அதை எடுத்துட்டுப் போயிடாதீங்க.”

எல்லாருக்கும் மோர் கொடுத்தார். வரும்போது கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னைப் பஸ்கள் எதிரே பறந்துகொண்டிருந்தன. கொஞ்ச தூரம் வந்தபிறகு பாவா முகம் தெளிந்து, ஆக என் கண் கெட்டதிலும் ஒரு நல்லது நடந்திருக்கிறது என்றார். அந்தப் பேச்சு வேண்டாம் என்றார் நபீசா. சரி வேண்டாம் என்றார் பாவா. சற்றுப் பொறுத்து, ஆனாலும் அந்தம்மா சொன்னதைக் கேட்டாய் அல்லவா என்றார். நபீசா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்குவதைப் பார்த்து, அழுகிறாரோ என்று அருள்முருகன் வண்டியின் வேகத்தைக் குறைத்தான். சிரித்துக்கொண்டிருந்தார். பலகைகளுக்கு நடுவில் நின்ற அருள்முருகனின் தலையை எடுக்கச் சொன்னதற்கு அன்றைக்குச் சிரிக்காமல் விட்டதெல்லாம் அப்போது வந்தது. பாவாவுக்கும் தொற்றிக்கொண்டது. அருள்முருகனுக்குக் கடைசிவரை காரணம் சொல்லவில்லை.

அந்த வாரமே நபீசா கிரைண்டரை எடுத்தார். புதிதாக வந்த கற்களில் வளைவுகள் இருந்தன, மடிப்புகள் இருந்தன, சில இடங்களில் கழுத்து என்று சொல்லக்கூடிய சமாசாரங்களும் வந்தன. வந்ததை அவரே பார்த்து, வேண்டாம் என்று பட்டதை அவரே எடுத்தார். சிலதை எடுத்துவிட்டுத் தூங்காமல் புரண்டார். மதாம் நிர்மலாவுக்குக் கவலையாகிவிட்டது. மௌனம் என்னாயிற்று என்று கேட்டார். கண் ஆபரேஷன் ஆகிவிட்டது என்று நபீசா சொன்னார். யாருக்கு என்று மதாம் கேட்கவில்லை. அந்த வருஷக் கண்காட்சியில் பழைய ஆட்கள் சிலர் பார்த்துவிட்டு முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். புதிதாகச் சிலர் வந்தார்கள். ஒரு சின்னப் பெண் ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு நகர மறுக்க, அவள் அப்பா வேறு வழியில்லாமல் அதை வாங்கினார்.

பாவா இப்போது கொட்டகையில் வேலை பார்க்கிறார். யாரும் வேலை கொடுக்கவில்லை, அவராக வந்து சேர்ந்துகொண்டார். காலையில் டிபனை முடித்துக்கொண்டு மொபெட்டில் வந்து, கைலியை மடித்துக் கட்டி, முகத்துக்குத் துணி கட்டிக்கொண்டு, ஒரு வாளித் தண்ணீரும் உப்புத்தாளும் வைத்துக்கொண்டு ஒட்டுகளைத் தேய்க்கிறார். எங்கே ஒரு கல் முடிந்து எங்கே இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று மதாமாலேயே கண்டுபிடிக்கமுடியவில்லை. மதாம் அவரைப் பிரெஞ்சு மரியாதையோடு முசியே பாவா என்று கூப்பிடுகிறார். தல்ஹா மச்சானுக்கும் ஒரு நாற்காலி போட்டிருக்கிறார், அதில் பாவா உட்கார்வதேயில்லை.

போன வாரம் எங்கள் குளியலறைக்குக் கல் எடுக்கப் போயிருந்தேன். நபீசா ஒரு கல்லைச் சாக்கால் போர்த்தி, பலகைகளுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தக் கல்லை அவர் கரடுமுரடாகவே விடவேண்டும் என்று இருந்தார். அண்ணன் கண்ணில் பட்டால் மத்தியானத்துக்குள் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுவார் என்று ரகசியமாகச் சொன்னார். நானும் ஒரு கை கொடுத்துத் தள்ளினேன். வெளியே வாளியில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.